எழுந்துக்க ரெண்டு ரூபாய்

ஆக்னஸின் கணவன் ஜெர்சன் ஆம்பூர் பைபாஸில் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்து மூன்று மாதமாகிறது. அவன் நம்பரை விட மனசில்லாமல், ஆக்னஸ் மாதாமாதம் ரீசார்ஜ் செய்து செல்போனைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தாள். இந்த மாதம் போட்ட பணம் நாலே நாளில் தீர்ந்தது. தன் போனிலிருந்து கஸ்டமர் கேரைக் கூப்பிட்டாள்.

“அந்த நம்பர்ல பைக் கேம் ஆடுறாங்க மேடம். வண்டி கவுந்தா மறுபடி எழுந்துக்க ரெண்டு ரூபாய்.”

வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. பீரோவைத் திறந்து, போனின் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மறுபடி ரீசார்ஜ் செய்தாள்.

மறுநாள் ஷூ கம்பெனியில் தைக்கும்போது இரண்டு முறை ஊசி விரலில் ஏறியது. சாப்பாட்டு நேரத்தில் மறுபடி கஸ்டமர் கேரில் பேசினாள்.

“காலைலேர்ந்து ஏழு தடவை விழுந்திருக்காங்க மேடம். இப்ப பேலன்ஸ் இல்ல. சர்வீஸை நிறுத்திடட்டுமா?”

“இப்ப எப்படி இருக்காரு?”

“கீழதான் கிடக்கறாங்க மேடம். பத்து நிமிஷத்துல எழுந்துக்கலன்னா ஆட்டம் முடிஞ்சிடும்.”

ஆக்னஸ் டிபன் பாக்ஸை மூடாமலே கம்பெனி கேட்டைத் தாண்டி ஓடினாள். ரீசார்ஜ் கடையில் சம்பளக் கவரை அப்படியே நீட்டினாள்.

“எவ்ளோக்குமா போடணும்?” என்றார் கடைக்காரர்.

“எல்லாத்துக்கும் போடுங்க பாய். சீக்கிரம்.”