நடுவில் நின்ற தகடு

தையல்காரி சிந்தாமணி படியில் தவறி விழுந்ததில் அவளுடைய மேல்கை எலும்பு இரண்டாக முறிந்தது. மருத்துவர் ஓர் உலோகத் தகட்டை வைத்து, இரண்டு துண்டுகளையும் திருகாணிகளால் முடுக்கினார்.

துண்டுகள் ஒன்றோடொன்று பேசவில்லை.

"அவன்தானே விலகிப் போனான். அவனே முதல்ல வளர்ந்து வரட்டும்" என்று தகட்டிடம் சொன்னது மேல்துண்டு.

"பெரியவர் அவர்தானே, அவர் வரட்டுமே" என்றது கீழ்த்துண்டு.

"அவசரமில்லை, நான் இருக்கேன்" என்று தகடு இருவரையும் சமாதானப்படுத்தியது. சிந்தாமணி கையை அசைத்தபோதெல்லாம் பாரம் முழுவதையும் தானே வாங்கிக்கொண்டு, இம்மியளவு வளைந்து நிமிர்ந்தது. வாரக்கணக்கில் வளைந்ததில் அதன் நடுப்பகுதி களைத்துவிட்டது.

"அண்ணே, இப்படியே போனா உடைஞ்சுடுவீங்க. அவங்ககிட்ட சொல்லுங்க" என்றது கடைசித் திருகாணி.

"பயந்துடுவாங்களே."

"பயப்படட்டுமே."

அன்றுதான் தகடு துண்டுகளிடம் உண்மையைச் சொன்னது. "என்னால முடியலை. நான் உடைஞ்சா இந்தக் கை மறுபடி தொங்கிடும்."

சில நாளில் இரண்டு துண்டுகளின் விளிம்பிலும் புது எலும்பு துளிர்த்திருந்தது. முதலில் துளிர்த்தது யார் என்று தகடு கேட்கவில்லை.

மாதங்கள் கழிந்தன. சிந்தாமணி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். தகடு பழக்கத்தில் தன்னை இறுக்கிக்கொண்டு காத்திருந்தது. பாரம் வந்து சேரவேயில்லை.

"அண்ணே, நீங்க சும்மா இருங்க" என்றது எலும்பு, ஒரே குரலில்.