பெயருக்கு இடம் விடவும்

"'வில் டெஃபனிட்லி' வேணாம்மா கிரேஸ். அதை எடுத்துட்டு 'மே பாசிப்ளி'னு போடு."

கிரேஸின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி ஆதிநாராயணன் சொன்னார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பம்ப் தயாரிக்கும் அந்தக் கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர். அவர் சொல்லச் சொல்லக் கடிதங்களை டைப் செய்து அனுப்புவது கிரேஸின் வேலை.

காலையில் ஹைதராபாத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்திருந்தது. ஆர்டர் குறைந்துவிட்டது, உங்கள் ஆபீசில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறோம், அதற்கான கடிதத்தை இங்கிலீஷில் நீங்களே எழுதி அனுப்புங்கள் என்றார்கள். இந்த மாதிரிக் கடிதம் எழுத உங்களை விட்டால் ஆள் இல்லை என்றும் சொன்னார்கள். பெயருக்கு மட்டும் இடம் விட வேண்டும். அதை அவர்கள் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

ஆபீசில் இருந்ததே நான்கு பேர். கடைசியாகச் சேர்ந்தவள் கிரேஸ். யாருக்கு சார் இது என்று கேட்டுப் பார்த்தாள். அதெல்லாம் மேலே இருப்பவர்கள் வேலை என்று சொல்லி, அவள் முகத்தைப் பார்க்காமல் டீ கிளாஸை எடுத்துக்கொண்டார்.

கடிதம் தனக்குத்தான் என்று முடிவு செய்ய அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கணவன் ஸ்டீவனுக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை முடிந்து நாலு மாதமாகிறது. மகள் ஏஞ்சல் பத்தாவது படிக்கிறாள். எளாவூரில் வாடகை வீடு. இவள் சம்பளம் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது.

கம்பெனிக்குக் காக்களூரில் இன்னொரு யூனிட் இருந்தது. அங்கே ஓர் இடம் கிடைத்தால் இரண்டு ரயில் மாறியாவது போய்விடலாம். வேலை போகிறவருக்கு அங்கே நிச்சயமாக இடம் தரப்படும் என்ற வரியை அதனால்தான் அவள் 'வில் டெஃபனிட்லி' என்று அடித்திருந்தாள்.

"அப்படியே இருந்தா இன்னா சார்? போற ஆளுக்கு ஒரு தைரியமா இருக்கும்ல?"

"தைரியம் அவங்களுக்கு, பேஜாரு கம்பெனிக்கா? நாளைக்கே கடுதாசியக் கையில வெச்சுக்கினு வந்து வேலை எங்கனு நிப்பாங்க. 'மே'னு மட்டும் போட்டாலும் பத்தாது. 'பாசிப்ளி'யும் சேத்துக்க. ஒருவேளை தரலாம். அவ்ளோதான்."

அவருக்கு இதில் ஒரு கணக்கு இருந்தது. தொழிலாளி செய்ய வேண்டியதற்கெல்லாம் 'மஸ்ட் இமீடியட்லி', உடனே செய்தாக வேண்டும். கம்பெனி செய்ய வேண்டியதற்கெல்லாம் 'மே பாசிப்ளி'. கேன்டீன் ஃபேன்கள் ஒருவேளை மாற்றப்படலாம் என்று அவர் நோட்டீஸ் ஒட்டி இரண்டு கோடை போய்விட்டது.

"'வில் ப்ராபப்ளி'யாச்சும் போடலாமா சார்? அநேகமா குடுப்போம்னு?"

"அநேகமானு சொல்லிட்டா பாதி வாக்குக் குடுத்தா மாதிரி. உனக்கு இன்னாம்மா வந்தது இன்னிக்கு? சொன்னதை அடி."

அடித்தாள். சாவியையும் அடையாள அட்டையையும் திருப்பித் தருவதற்கு ஒரு 'மஸ்ட் இமீடியட்லி' போடச் சொன்னார். அதற்குக் கீழே, உங்கள் உழைப்பைக் கம்பெனி எப்போதும் நினைவில் வைத்திருக்கும் என்று 'வில் ஆல்வேஸ்' போட்டு ஒரு வரி இருந்தது. இதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"அது இருக்கட்டும். நெனைச்சுக்கினு இருக்கறதுக்கு இன்னா செலவு?"

முழுவதையும் ஒரு முறை படித்துப் பார்த்துத் திருப்தியானார். மெயிலில் அனுப்பிவிடச் சொல்லிவிட்டு மெஷின் ஹாலுக்குப் போனார். கிரேஸ் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அனுப்பினாள்.

பதினோராம் நாள் கூரியரில் கவர் வந்தது. அதற்குள் அவள் தன் மேஜை இழுப்பறையைக் காலி செய்து, டிபன் பாக்ஸையும் ஏஞ்சலின் போட்டோவையும் பையில் வைத்துவிட்டிருந்தாள். கவரை எடுத்துப் போய் மேனேஜரிடம் கொடுத்தாள். உட்காரும்மா என்றார். வழக்கமாக அவர் அப்படிச் சொல்வதில்லை. மனசைத் தேத்திக்கணும், இதெல்லாம் தொழிலில் சகஜம் என்று சொல்லிக்கொண்டே கவரைப் பிரித்தார்.

முதல் வரியிலேயே அவர் பேச்சு நின்றது. தண்ணீர் பாட்டிலைத் தேடினார். அவள் எடுத்துக் கொடுத்தாள். குடிக்காமல் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார்?"

கடிதத்தை அவள் பக்கம் திருப்பினார். பெயருக்கு விட்ட இடத்தில் ஆதிநாராயணன், மேனேஜர் என்று இருந்தது.

அவர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. மெதுவாக முகத்தில் ரத்தம் திரும்பியது.

"இங்க பாரு கிரேஸ். காக்களூர் வேலைக்கு நாம 'மே பாசிப்ளி'னுதான எழுதுனோம்? அவங்களே அதை எடுத்துட்டு 'வில் டெஃபனிட்லி'னு மாத்திப் போட்டிருக்காங்க. இருபத்திரெண்டு வருசம் உழைச்சவனுக்கு மேல இருக்கறவங்க குடுக்கற மரியாதை இது."

கிரேஸ் தலையை மட்டும் ஆட்டினாள். அது தனக்கு வரப்போகும் கடிதம் என்று நினைத்து, அன்றைக்கு அவர் மெஷின் ஹாலுக்குப் போனதும் அந்த இரண்டு சொற்களை மாற்றிவிட்டுத்தான் அவள் அனுப்பியிருந்தாள்.