சத்தமில்லாத மோட்டர்

"சத்தம் வரக்கூடாது, தம்பி. அது ஒண்டுதான். மற்றதெல்லாம் எப்பிடி இருந்தாலும் பரவாயில்ல."

காத்தான்குடி வாவிக்கரையில் இருந்த ஜிப்ரியின் மோட்டர் கடையில் நின்றுகொண்டு, வின்சன்ற் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஜிப்ரிக்கு வாய் சும்மா இருக்காது. தோணிக்கு பற்றரி மோட்டர் வாங்க வருகிறவர்கள் வேகத்தைக் கேட்பார்கள், விலையைக் கேட்பார்கள், ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்பார்கள். சத்தத்தை மட்டும் கேட்டு வந்த மனிதரை அவன் கண்டதேயில்லை. கொடுவா மீனுக்குப் பின்னால் பூனை மாதிரிப் போகத் திட்டமோ என்று சீண்டிப் பார்த்தான். வின்சன்ற் சிரிக்கவில்லை.

"மேர்சிக்காகத்தான். இஞ்சின் சத்தம் கேட்டா என்ர மனிசி ஒரு நிலையில இல்ல."

ஜிப்ரி எல்லாம் விளங்கிவிட்டதுபோல் தலையாட்டினான். தன் மனைவி றஸீனாவுக்கும் ஒற்றைத் தலையிடி என்றும், வீட்டில் மிக்ஸி போட்டாலே சண்டை என்றும் சொல்லத் தொடங்கினான். எந்த டொக்டரிடம் காட்டலாம், என்ன எண்ணெய் பூசலாம் என்பது வரைக்கும் போனான். வின்சன்ற் மறுக்கவில்லை. தலையிடி என்றே இருந்துவிட்டுப் போகட்டும், உண்மையைச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

அவருடைய ஊர்க் கரையில் பெண்களுக்கு மணிக்கூடு தேவையில்லை. எந்த வீட்டு இஞ்சின் வருகிறது என்பதைத் தூரத்திலேயே காதால் பிடித்துவிடுவார்கள். கண்டல் மரங்களைத் தாண்டிச் சத்தம் திரும்பியதும் அந்த வீட்டு அடுப்பில் சட்டி ஏறும். மேர்சியும் காலமெல்லாம் அப்படித்தான் சமைத்தாள். இப்போது அந்த வீட்டு இஞ்சின் சத்தம் கேட்டதும் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டுக் கரைக்கு ஓடுகிறாள். செருப்பும் போடுவதில்லை. மட்டி ஓடு கீறிக் காலெல்லாம் புண். முந்தநாள் உலையைத் தட்டிவிட்டு ஓடியதில் கையும் வெந்துபோயிற்று. அப்படி ஓடிவருகிறவள், தோணியிலிருந்து வின்சன்ற் இறங்குவதைக் கண்டதும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்வாள். பிறகு சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. உடம்பு எலும்பும் தோலுமாகிவிட்டது.

தன்னைக் கண்டதும் மனைவியின் முகம் செத்துப்போவதை ஒரு மனிதன் எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருப்பது? தொழிலை விட்டுவிடலாம் என்றால், வாவியை விட்டால் அவருக்கு வேறு என்ன தெரியும்? இப்படியே போனால் அவளை மண்ணுக்குக் கொடுக்க வேண்டியதுதான் என்று வின்சன்ற் பயந்துபோயிருந்தார்.

ஜிப்ரி இரண்டு மோட்டர்களை எடுத்து வைத்தான். சின்னதைத் தானே வேண்டாம் என்று ஒதுக்கினான்.

"இது குளத்துக்குத்தான் சரி, அண்ணன். முகத்துவாரம் வெட்டினா கடல்தண்ணி வந்து நம்மட வாவில உப்பு ஏறிரும். கொஞ்ச நாளையில உப்பு மோட்டரத் திண்டு போட்டிரும். மற்றது உப்புத் தண்ணிக்கெண்டே செய்தது. தண்டும் கட்டை, ஆழமில்லாத தரவையில முட்டாது. ஆனா காத்துக்கு எதிரா இழுக்காது. கடலுக்கு மட்டும் கொண்டு போயிராதீங்க."

"கடலுக்கு நான் போகமாட்டன்," என்றார் வின்சன்ற்.

தோணியில் பூட்டி வாவிக்குள் ஓட்டிப் பார்த்தார். தோணி நகர்வது தெரிந்தது, சத்தம் இல்லை. பலகையில் தண்ணீர் மோதுவது மட்டும் கேட்டது. வின்சன்றுக்கு அந்த இடத்திலேயே குலுங்கி அழ வேண்டும்போல் இருந்தது.

பழைய இஞ்சினை மாற்றாகக் கொடுப்பதாகப் பேச்சு. ஜிப்ரி அதைத் தூக்கி வைத்துக் கயிற்றை இழுத்தான். ஒரே இழுவையில் பிடித்தது. இவ்வளவு நல்ல இஞ்சினை யாராவது கொடுப்பார்களா என்று அவன் வியந்துகொண்டிருக்க, வின்சன்ற் பாய்ந்து வந்து நிறுத்தினார்.

"இதை இந்தப் பக்கத்துத் தோணிக்காரருக்கு மட்டும் குடுத்திராதீங்க, தம்பி. தூரத்து ஆக்களுக்குக் குடுங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கிறன்."

தலையிடிக்கு இவ்வளவா என்று ஜிப்ரி யோசித்தான். ஆனாலும் ஓம் என்றான்.

வின்சன்ற் ஊருக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. கண்டல் மரங்களைத் தாண்டித் தோணி சத்தமில்லாமல் வந்தது. இன்றைக்கு மேர்சி ஓடிவரமாட்டாள், ஆறுதலாகச் சமைத்திருப்பாள், இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடலாம். நெடுநாளைக்குப் பிறகு அவருக்குப் பசித்தது.

கரையில், முழங்கால் தண்ணீரில் மேர்சி நின்றுகொண்டிருந்தாள். வழமையான நேரத்துக்குச் சத்தம் வராததால் வந்து நின்றவள், உடுப்பில் ஈரம் இடுப்புவரை ஏறியும் அசையவில்லை. வின்சன்றின் முகத்தை அவள் பார்க்கவில்லை. தோணியின் பின்பக்கம் போய், பழைய இஞ்சின் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் பூட்டியிருந்த புது மோட்டரை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

போன மாரியில் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போன மகன் டிலுக்ஷன் திரும்பவில்லை. தோணியும், இன்றைக்கு வின்சன்ற் ஜிப்ரியிடம் கொடுத்துவிட்டு வந்த அவனுடைய அந்த இஞ்சினும் மட்டும்தான் கரைக்கு வந்தன. அன்றோடு நின்றுபோன சிரிப்பு இப்போது மேர்சியின் முகத்தில் வந்தது.

"இஞ்சினைக் காணல்ல. அப்ப டிலுக்ஷன் வந்து உங்களிட்ட வாங்கிக்கொண்டு போயிற்றான், என்ன? நீங்க வீட்ட போங்க. அவன்ட சத்தம் கேக்கும் வரைக்கும் நான் இஞ்சயே நிக்கிறன்."