பின்பாதி

தெருமுனையில் பங்களா கட்டி ஒருவர் குடிவந்த வருடமே எங்கள் தெரு வசதியான தெருவாகிவிட்டது. அஞ்சுகத்தின் புருஷனை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போகும் இலவச வேன் நின்றுபோனது. அவள் வேன் அனுப்பும் அரசு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள்.

“உங்க தெருவோட சராசரி வருமானம் ஏறிடுச்சும்மா. கணக்குப்படி வீட்டுக்கு அரை கார் இருக்கு.”

“எங்க வீட்டுல சைக்கிள்கூட இல்ல சார்.”

“வீடு வீடா பார்க்க முடியாதும்மா. தெருவைத்தான் பார்ப்போம்.”

மறுநாள் காலையில் புருஷனுக்குக் கால்கள் வீங்கியிருந்தன. அஞ்சுகம் அவரைக் கைத்தாங்கலாகப் பங்களாவுக்கு நடத்திப் போனாள். உள்ளே ஏழெட்டுக் கார்கள் வரிசையாக நின்றன. ஒன்றை டிரைவர் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் அதன் பின்கதவைத் திறந்து, புருஷனை உட்காரவைத்து, தானும் ஏறிக்கொண்டாள்.

“யக்கா, இது யாரு வண்டின்னு தெரியுமா?”

“முன்பாதி உங்க முதலாளியோடது. பின்பாதி எங்களோடது. ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க. பெரியாஸ்பத்திரிக்கு விடு.”

டிரைவர் துணியைக் கையில் பிடித்தபடி மாடியை அண்ணாந்து பார்த்தான். அங்கே திரைச்சீலை அசைந்தது. புருஷன் மூச்சு வாங்கியபடி, “இறங்கிடலாம்டி” என்றார். அஞ்சுகம் கதவை இழுத்துச் சாத்தினாள். அப்போது, பக்கத்துக் காரின் பின்கதவை எங்கள் தெருக்காரர் யாரோ திறக்கும் சத்தம் கேட்டது.