திரை போட்ட அலமாரி

சிகரெட் பாக்கெட்டுகள் இனி கண்ணில் படவே கூடாது, விளம்பரமும் கூடாது. சட்டம் இன்றுதான் அமலுக்கு வருகிறது. கடைக்காரர் அலமாரிக்கு நீலத் திரை போட்டு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார். நான் கையில் சோப்போடு காத்து நிற்கிறேன். வாசலில் சோதனை அதிகாரியின் ஜீப் வந்து நிற்கிறது. "வந்துட்டாங்க! எல்லாத்தையும் மறைச்சாச்சா?" என்று உள்ளறையிலிருந்து ஓடி வருகிறாள் அவர் மனைவி. "ஒரு எழுத்துகூட வெளியே தெரியாது. மாட்டினா லைசென்ஸ் போயிடும்னு எனக்குத் தெரியாதா?" என்கிறார் அவர், திரும்பாமலே. அவள் பார்வை அவர் முதுகில் விழுகிறது. அவர் போட்டிருப்பது கம்பெனிக்காரன் சும்மா கொடுத்த சட்டை. முதுகு முழுக்கச் சிவப்பில் சிகரெட்டின் பெயர் பளபளக்கிறது. "ஐயோ, சட்டை!" அதிகாரி படியேறிவிட்டார். கடைக்காரர் சட்டெனத் திரும்பி, முதுகைத் திரையோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொள்கிறார். அதிகாரி திரையின் ஓரத்தை இழுத்துப் பார்க்கிறார். "பரவாயில்லையே, சுத்தமா செஞ்சிருக்கீங்க. அந்த மேல்தட்டுல இருக்கற தைலத்தை எடுங்க, தலை வலிக்குது." திரும்பாமல் எட்டாது. கடைக்காரர் மெல்லத் திரும்ப, அவள் பாய்ந்து பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். தெருவில் அவரோடு சேர்ந்து நடக்கவே கூச்சப்படுகிறவள்! கன்னம் சிவப்பு எழுத்தில் அழுந்த, மார்போடு அந்த முதுகை மறைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடி நிற்கிறாள். அதிகாரியின் காது சிவக்கிறது. "தைலம்... அப்புறம் வாங்கிக்கறேன்" என்று தரையைப் பார்த்தபடி இறங்குகிறார். ஜீப் உறுமிக்கொண்டு தெருவைத் தாண்டிவிடுகிறது. "போயிட்டாரா?" என்கிறாள், கண்ணைத் திறக்காமல். கடைக்காரர் வெறிச்சோடிய வாசலைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

"இன்னும் போகலை."