ஒரு கப்பல் கொசுறு

மக்கள் புரட்சிக்கு ஆதரவு தெரிவிக்கும் அரசு அறிக்கையின் அன்றைய விலை மூன்று கோடி. மௌனம் என்றால் ஆறு. வெளிநாட்டு அரசுகளுக்காக இரண்டையும் விற்றுக் கொடுக்கும் தரகர் காயல்பட்டினத்து மொகுதூம். அரபு நாடொன்றின் சதுக்கத்தில் திரண்ட மக்களுக்கு அறிக்கையை விற்றார். அவர்கள் எதிர்த்த அரண்மனைக்கு மௌனத்தை விற்றார். பெரிய வாடிக்கை என்பதால் ஒரு கப்பல் கண்ணீர்ப்புகைக் குண்டையும் கொசுறாகப் போட்டார்.

கப்பல் தூத்துக்குடியில் புறப்படும் நேரம், அதே சதுக்கத்தில் மருத்துவராக இருக்கும் மகள் ருகையா கைபேசித் திரையில் வந்தாள்.

"உடனே ஊருக்கு வா புள்ள! உன் ஆளுங்களுக்கு வேணும்னா அறிக்கையில 'வன்மையாக'ன்னு ஒரு வார்த்தையைச் சும்மா சேர்த்துத் தரேன்."

"வாப்பா, அறிக்கையை நீங்களே வெச்சுக்குங்க. கொசுறை நிறுத்துங்க, போதும்."

"கொடுத்ததைத் திரும்பக் கேட்டா யாவாரி மானம் என்னாவும்?"

"சரி, மானத்தோட இருங்க. புகை வரட்டும், நானும் இங்கயே இருக்கேன்."

எவ்வளவு பேரம் பேசியும் அவள் இறங்கவில்லை. மொகுதூம் கப்பலை நிறுத்தினார். கொசுறு இல்லாத மௌனம் வேண்டாமென்று அரண்மனை பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

"இப்ப கிளம்புறியா?"

"கிளம்புறேன்னு நான் எப்ப சொன்னேன்?"

அன்றைய கணக்கு: நட்டம் ஆறு கோடி. வர வேண்டிய பாக்கி, மகள்.