வீட்டுக்கே வந்த அறை எண் 304

அலுவலகக் கூட்டங்களுக்காக ஊர் விட்டு ஊர் போவது அடியோடு நின்றுபோனதும், எங்கள் கோவை ஓட்டல் வெளியூரையே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தது. வரவேற்பாளனான நான் இப்போது பம்ப் கம்பெனி மேலாளர் குழந்தைவேலின் ஹாலில் டை கட்டி உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய படுக்கையறைக் கதவில் 304 என்று ஒட்டியாகிவிட்டது. மூன்று நாளைக்கு அவருக்கு அந்த அறைக்குள் சின்ன சோப்பு, ஏசி, நிம்மதி.

கேஸ் சிலிண்டரை மாற்றித் தரச் சொல்லி மனைவி பூங்கோதை கதவைத் தட்ட வந்தார். விதிப்படி தடுத்தேன்.

"சார் வெளியூர்ல இருக்காருங்க மேடம்."

"அப்படிங்களா" என்றவர், தானே சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் மதியம் குழந்தைவேல் பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். "பயணம் செம அலுப்பு. ஒரு காபி குடு" என்றார் மனைவியிடம்.

பூங்கோதை தன் ஆதார் அட்டையை என் மேஜையில் வைத்தார். "ஒரு வாரத்துக்குப் போட்டுக்குங்க தம்பி." சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டார்.

சமையலறையில் குக்கர் ஐந்தாவது விசில் அடித்தது. குழந்தைவேல் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தனை விசில்ல நிறுத்தணும்னு மட்டும் கேட்டுச் சொல்லுப்பா."

"மேடம் வெளியூர்ல இருக்காங்க சார்."